செருப்பு வாரின் தடம்

இன்று காலை கொசுவலையைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் குடைந்தபோது அந்த மஞ்சள் பை என் தலைமேலேயே விழுந்தது. உள்ளே என் பழைய செருப்பு. ரப்பரும் செம்மண்ணும் கலந்த அதே வாசனை. "இன்னாம்மா இது, தேஞ்ச செருப்பெல்லாம் பீரோல வெச்சிருக்க? தூக்கிப் போட்ரவா?" என்று மகள் கேட்டாள். "கை வெச்சேன்னா பாரு" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, இப்படி விட்டுவிட்டுப் போனதற்கு உன்னைத் திட்ட ஆரம்பித்தேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள். அன்றைக்கு உன் வீட்டு வாசலில் யாரோ ஒரு அம்மாள் என் தோளைத் தட்டி, "ஜாஸ்தி அழுவாதம்மா. எல்லாத்தையும் மறந்துட்டு போய்ப் புள்ளையப் பாரு" என்றார். அப்போது வந்த கோபம் இன்னும் தீரவில்லை. மறக்கிறதாவது! நான் என் பிள்ளையை உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றால் அதற்கு யார் காரணம் என்று அந்த அம்மாளுக்கு என்ன தெரியும்?

மகள் பிறந்த வருஷம், நான் பிரசவ விடுப்பு முடிந்து வேங்கிக்கால் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தேன். உன் மேசைக்குப் பக்கத்து மேசை. கோப்பைத் திறப்பேன், மூடுவேன். ஒரு வரியும் தலையில் ஏறாது. வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது, குழந்தை அழுதால் நானும் சேர்ந்து அழுவேன். காத்து கருப்பு என்று சொல்லி மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். டவுனில் ஒரு டாக்டரிடமும் போனோம். அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கணவரிடம், "வீட்லயே அடைஞ்சு கெடந்தா இப்படித்தான் சார். கோயில் குளம்னு கூட்டிட்டுப் போங்க" என்றார். நான் தினமும் பஸ் பிடித்து வேலைக்குப் போகிறவள் என்பதைக்கூட அந்த மனிதர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

இதைச் சாப்பாட்டு வேளையில் உன்னிடம் சொன்னேன். நீ டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு போனை எடுத்தாய். பெண்களின் மனக்கஷ்டத்துக்கென்றே படித்தவர் யாராவது இருக்கிறார்களா என்று ஆஸ்பத்திரி நர்சுகளிடம் கேட்டாய், மெடிக்கல் கடைகளில் விசாரித்தாய், வேலூர் வரைக்கும் எண்கள் வாங்கினாய். ஒவ்வொருவரிடமும் நீ கேட்டது ஒரே கேள்விதான். "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரணுமாங்க?" ஆமாம் என்று சொன்னால் அடுத்த நொடியே வைத்துவிடுவாய். ஒருவர், குடும்பத்தில் எப்படி அனுசரித்துப் போவது என்று சொல்லித் தருவோம் என்றாராம். "அது இவளுக்கே நல்லாத் தெரியுங்க, வேணும்னா உங்களுக்குச் சொல்லித் தருவா" என்று சொல்லிவிட்டு வைத்தாய். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சிரித்தேன்.

கடைசியில் ஒரு குரல், "யாருக்குப் பேசணுமோ அவங்க வந்தாப் போதும்" என்றது. சென்னையில் வேலை பார்த்துவிட்டு, கிரிவலப் பாதையில் இருக்கிற அடி அண்ணாமலையில் குடிவந்திருந்த ஆலோசகர். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. நீ என் கையைப் பிடித்து அமுக்கினாய். "கெடைச்சிட்டாங்கடி!"

ஆலோசகர் கிடைத்துவிட்டார், வீட்டைத் தாண்டுவது எப்படி? அதற்கும் வழி கண்டுபிடித்தவள் நீதான். இந்த ஊரில் ஒரு பெண் வீட்டைவிட்டு அரை நாள் காணாமல் போய், எங்கே போனாய் என்று யாரும் கேட்காத ஒரே காரணம் கிரிவலம். "பௌர்ணமி, அமாவாசை, பிரதோஷம், அப்புறம் உன் நட்சத்திரம். உங்க சாமி உனக்கு எவ்ளோ நாள் லீவு குடுத்திருக்கு பாரு!" என்றாய். புர்காவும் வெறுங்காலுமாக என்னோடு கிளம்பி நின்ற உன்னைப் பார்த்து என் மாமியார், "நீ எதுக்கும்மா மலையச் சுத்தற?" என்று கேட்டார். "இவளுக்கு வழியில மயக்கம் வந்தா யாரும்மா பாக்கறது? மலைதானே, யார் சுத்துனா இன்னா?" என்றாய். உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கடைத்தெருவில் வளையல் விற்கிற குடும்பம். வியாபாரப் பேச்சு உனக்குச் சொல்லியா தர வேண்டும்?

செருப்பு மஞ்சள் பையில் இருக்கும். தெருமுனை வரை வெறுங்கால். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ. திரும்பும்போது அதே முனையில் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு, மண்ணில் காலைத் தேய்க்கச் சொல்வாய். "கால்ல மண்ணு ஒட்டலன்னா உன் மாமியார் நம்பாது."

முதல் நாள் அந்த அறையில், "குழந்தையைப் பார்த்தா என்ன தோணுது? எதுவா இருந்தாலும் சொல்லலாம்" என்று ஆலோசகர் கேட்டார். உன்னிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். "தூக்கிட்டு நேரா கெணத்துக்குப் போயிடுவேனோன்னு பயமா இருக்கு." அவர் முகம் மாறவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பிரசவத்துக்குப் பிறகு வருகிற நோய் இது, பல பெண்களுக்கு வருகிறது, குணமாகும், நீங்கள் கெட்ட தாய் இல்லை என்றார். மாத்திரைக்குத் தனியாக ஒரு லேடி டாக்டரிடமும் அனுப்பினார். வெளியே வந்து உன் தோளில் சாய்ந்து அழுதேன். கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாய்.

ஒரு சித்திரை மாதத்துப் பிரதோஷம். ஆலோசகர் வீட்டுச் சந்து முழுக்கப் புழுதி. திரும்பும்போது வழக்கம்போல் செருப்பைப் பைக்குள் போட்டோம். வெயில் தாங்காமல் மண்ணில் தேய்க்க மறந்துவிட்டு நேராக வீட்டுக்குள் போனோம். கால் கழுவச் சொல்லிச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்த மாமியார் அப்படியே நின்றுவிட்டார். என் பாதம் முழுக்கச் செம்மண். நடுவில் மட்டும் வார் போன இடம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. உன் காலைத்தான் புர்கா மறைத்துவிட்டதே!

"மலையச் சுத்துன கால்ல செருப்புத் தடம் எப்படி வந்துச்சு?"

நீ ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தாய். நான் உன் கையைப் பிடித்து நிறுத்தினேன். "மலை சுத்தலை. மனசுக்குப் பாக்கறவங்க கிட்ட போறேன். இனிமேலும் போவேன்" என்றேன். உள்ளேயிருந்து வந்த என் கணவர், "பைத்தியம்னு ஊர் பேசறதுக்கா?" என்றார். "ஊரா வந்து ராத்திரியில புள்ளையத் தூக்குது?" என்று நீ கேட்டாய். மாமியார் சொம்பைப் பிடித்தபடியே, "அங்க இன்னா கேப்பாங்க?" என்றார். தூக்கம் வருகிறதா என்று கேட்பார்கள் என்றேன். அவர் என் காலில் தண்ணீரை ஊற்றினார். "என்னை யாரும் கேட்டதில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் மனம் மாறிவிட்டது என்று கதை விட மாட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கணவர் அதற்கும் மேலே. பேசாவிட்டால் போகட்டும்! அடுத்த வாரமே செருப்பைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கண்ணெதிரே வாசல் வழியாக இறங்கினேன். நீ தெருமுனையில் நின்று, கல்யாண ஊர்வலத்தைப் பார்க்கிற மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாய்.

இப்போது உன் மேசையில் சுகன்யா என்று ஒரு பெண் உட்கார்கிறாள். கைக்குழந்தைக்காரி. நேற்று கோப்பு அறையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் சொன்னேன், அந்த ஆலோசகர் எண்ணையும் கொடுத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, அமாவாசைக்குப் போலாமா? வீட்ல கிரிவலம்னு சொல்லிக்கிறேன்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் கழித்தும் மலைதான் நமக்குச் சாக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பார்த்தாயா?

"வீட்ல இன்னா வேணா சொல்லிக்கோ, அது உன் இஷ்டம்" என்றேன். "ஆனா அமாவாசை வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கே போலாம். நான் கூட வரேன்."

அந்த நாளைதான் இன்று. வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. மஞ்சள் பையை எடுத்துக்கொண்டேன். அதில் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலும் ஒரு துண்டும் வைத்திருக்கிறேன், முதல் நாள் எப்படி அழுகை வரும் என்று எனக்குத் தெரியும். "எங்க கெளம்பிட்ட?" என்று மாமியார் கேட்கிறார். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு இறங்குகிறேன். பையில் செருப்பு இல்லை, காலில் இருக்கிறது.