கூட்டாமல், குறைக்காமல்

என் கொட்டாஞ்சேனைக்காரியே,

இன்று பின்னேரம் வெள்ளவத்தையில் டொக்டரைப் பார்க்கக் காத்திருந்தபோது, பக்கத்தில் இருந்த சுமதி கைக்குட்டையில் ஓடிகொலோன் ஊற்றிக் கழுத்தில் ஒற்றினாள். உம்முடைய அந்த வாசத்துக்கு நான் திரும்பிப் பார்த்தேன், நீர் இல்லை என்று தெரிந்தும். சுமதி எங்கள் ஃபிளாட்டில் கீழ் வீட்டுக்காரி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், சிங்களம் போதாது. மாதவிடாய் நின்றதிலிருந்து உடம்பு எரிகிறது என்று அழுதாள், கூட்டிக்கொண்டு போனேன்.

எனக்கும் அப்படித்தானே தொடங்கியது! மாதவிடாய் நின்ற கையோடு நித்திரையும் போய்விட்டது. கோட்டில், நீதவானுக்கு முன்னால், சாட்சிக்காரரின் பக்கத்தில் நின்று, அவர் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்ல வாய் திறப்பேன். சொல் வராது. முகம் குப்பென்று கொதிக்கும். இத்தனை வருடம் எங்கள் இருவருக்கும் சோறு போட்ட உரைபெயர்ப்பு வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று உம்மிடம் சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? மருந்து இருக்கேக்க ஆர் வேலையை விடுறது?" என்று பாய்ந்தீர்.

மருந்து இருப்பது எனக்கும் தெரியும். ஹோர்மோன் குளிசை. அதை எடுக்கப் பயந்ததற்குக் காரணமே நீர்தான். முந்தின வருடம்தான் உமக்கு மார்பில் புற்றுநோய்க்கு ஒப்பரேஷன் நடந்திருந்தது. குளிசை எடுத்தால் எனக்கும் அந்த வருத்தம் வரும் என்று மச்சாள்மார் வேறு ஓதிக்கொண்டிருந்தார்கள். இதை உம்மிடம் எப்படிக் கேட்பது என்று நான் விழுங்கிக்கொண்டிருக்க, நீரே உடைத்தீர். "என்னைப் பாத்துத்தானே பயப்பிடுறீர்? வாரும், டொக்டரிட்டக் கேப்பம்." பிடிவாதக்காரி!

டொக்டர் சிங்களப் பெண். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் என் மண்டைக்குள் ஒன்றும் ஏறவில்லை. "எனக்கு விளங்கேல்லையப்பா, நீர் சொல்லும்" என்றேன். நீர் கதிரையை விட்டு எழும்பி, கோட்டில் நிற்பதுபோலவே என் பக்கத்தில் வந்து நின்றீர். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீர் சிரிக்கவில்லை.

பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்று சொல்வதுதான் எங்கள் தொழில் வழக்கம். நீர் டொக்டராகவே பேசினீர்.

"இந்தக் குளிசை உங்கட எரிவையும் வேர்வையையும் குறைக்கும். நித்திரை வரும், எலும்புக்கும் நல்லம். இரத்தம் கட்டியாகிற ஆபத்து கொஞ்சம் இருக்கு. கனகாலம் எடுத்தா மார்புப் புற்றுநோய் வாற ஆபத்தும் கொஞ்சம் கூடும். உங்கட வயசில, வேற வருத்தம் இல்லாத ஆளுக்கு நன்மைதான் கூட எண்டு நான் நினைக்கிறன். முடிவு உங்கட கையில."

அடுத்த வசனத்தையும் நீர் தயங்காமல் சொன்னீர்.

"மார்புப் புற்றுநோய் வந்த ஆளெண்டா, நான் இதைக் குடுக்க மாட்டன்."

அந்த அறையில் அது யாரைத் தொடும் என்று உம்மைத் தவிர எனக்கு மட்டும்தான் தெரியும். உமக்கும் மாதவிடாய் நின்று என்னைப் போலவே வேர்வை ஓடியது. கைக்குட்டை உம்முடைய கைக்குள் கசங்கியிருந்தது. குரலில் மட்டும் ஒரு நடுக்கம் இல்லை.

வெளியில் வந்து, "நீர் என்ன நினைக்கிறீர்?" என்று கேட்டேன்.

"என்ர பயத்தை உம்மட தலையில கட்ட ஏலாதப்பா" என்றீர்.

நான் இரண்டு நாள் யோசித்துவிட்டுக் குளிசையைத் தொடங்கினேன். வருடா வருடம் பரிசோதனைக்கும் போனேன். நித்திரை வந்தது, சொல்லும் வந்தது. கோட்டில் என் குரல் பழையபடி ஏறியதை நீர் பின் வரிசை வாங்கில் இருந்து கேட்டுச் சிரித்தீர். அதற்குப் பிறகுதான் உம்முடைய வருத்தம் திரும்பி வந்து உம்மைக் கொண்டுபோனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று டொக்டர் தொடங்குமுன் சுமதி என் கையைப் பிடித்தாள். "நீங்கள் எடுத்து நல்லாத்தானே இருக்கிறீங்கள் அக்கா, எடுக்கட்டோ?"

எடு பிள்ளை, எனக்கு உயிர் வந்தது என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் அவளுக்குப் பிரஷர் இருக்கிறது, தாய்க்குக் காலில் இரத்தம் கட்டியானதாம். என் உடம்பு வேறு, அவள் உடம்பு வேறு. கதிரையை விட்டு எழும்பி அவள் பக்கத்தில் போய் நின்றேன். டொக்டர் "நான்" என்றார். நானும் "நான்" என்றேன். நல்லதையும் சொன்னேன், கெட்டதையும் சொன்னேன், என் சந்தோசத்தை ஒரு சொட்டும் கலக்கவில்லை.

பரிசோதனை செய்துவிட்டு யோசித்துச் சொல்கிறேன் என்றாள் சுமதி. படியிறங்கும்போது, "அக்கா, கோட்டில கதைக்கிற மாதிரியே கதைச்சீங்கள், ஆரிட்டப் பழகினனீங்கள்?" என்று கேட்டாள்.

உம்முடைய பெயரைச் சொன்னேன். காலி வீதியில் போன பஸ் சத்தத்துக்கும் மேலால், தலை நிமிர்த்திச் சொன்னேன்.