பெட்டிக்குள் கிடந்த விண்ணப்பம்

மேல் டிவிசன் லயம்,
ஹாலிஎல.
2.3.1977

அன்பு மருமகள் தெபொராளுக்கு,

ஹாலிஎல முதல் நமுனுகுல வரை புகழ் பரவிய உன் தாய்மாமன் ஏசடியான் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு நானும், இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்துக் கூரையில் பாதியும் சுகம். கோத்தகிரியில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமா? தை மாசம் முதல் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. அந்தப் பக்கம் மை விளைவதில்லையோ.

இப்போது வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து ஒரு வாக்குக் கொடுக்கிறேன்: நான் சொல்லப்போகும் கதையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

ஏழு வருஷத்துக்கு முன், இந்தியப் பிரஜையா இலங்கைப் பிரஜையா என்று நம் சனமெல்லாம் மனுப்போட்ட காலம். உன் அம்மா தன் இந்தியா விண்ணப்பத்தைப் பதுளைத் தபாற்கந்தோரில் பதிவுத் தபாலில் போடும்படி என்னிடம் தந்தாள். கடைசி நாள். வழியில் பஸ்ஸை ஒரு சிறுத்தை மறித்தது. கண்டக்டரை இறக்கிவிட்டு அதுவே டிக்கெட் கிழித்தது. எனக்கு மீதிச் சில்லறையும் தரவில்லை. பதுளையில் ஆறு பெருகித் தபாற்கந்தோரையே மிதக்கவிட்டுக் கொண்டுபோனது. நான் பின்னாலேயே நீந்தி ஜன்னல் வழியாக விண்ணப்பத்தை நீட்டினேன். போஸ்ட் மாஸ்டர் குடையைப் பிடித்தபடியே வாங்கி முத்திரை குத்தினார்.

இது நான் அக்காவுக்குச் சொன்ன கதை. சிரித்தாள். பதில் வராதபோது, கந்தோர்க்காரர்கள் தொலைத்துவிட்டார்கள் என்று பழியை அங்கே வைத்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். அன்றைக்கு நான் பஸ் ஏறவே இல்லை. உன் வீட்டுக்காரரின் மனுவோடு நீ போவது நிச்சயம். அக்காவும் போய்விட்டால் இந்த ஒற்றை அறைக் காம்பராவில் நான் யாரோடு பேசுவது, என் புளுகை யார் கேட்பது? விண்ணப்பத்தைத் தகரப்பெட்டியின் அடியில் வைத்தேன். எழுபத்துமூன்றில் நீ கப்பலேறினாய். அக்கா இங்கேயே கிடந்து, போன ஐப்பசியில் உன்னைப் பார்க்காமலே கண்ணை மூடினாள். அது என் வேலை.

இதை ஈடுகட்ட நான் பட்ட பாட்டைக் கேள். தோட்டத்து வேதக்கோயிலுக்கு ஒற்றை ஆளாக வெள்ளையடித்தேன். அந்த வெளிச்சத்தில் கொழும்புத் துறைமுகத்துக் கப்பல்கள் தடுமாறினவாம். நாற்பது நாள் உபவாசம் தொடங்கி இரண்டரை நாள் இருந்தேன். மாதம் ஒருதரம் பதுளையிலிருந்து வரும் போதகரிடம், "இன்னும் எவ்வளவு செஞ்சா நான் திருவிருந்துல அப்பம் வாங்க வரலாமுங்க?" என்று கேட்டேன்.

"சுவரு நல்லாத்தான் இருக்கு ஏசடியான். ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியே. சும்மா வாங்க" என்றார்.

சும்மா எப்படிப் போவது? இந்தத் தோட்டத்தில் எனக்குச் சும்மா கிடைத்தது மழையும் அட்டைக்கடியும்தான்.

நீயாவது ஒரு தண்டனை சொல். பெரிதாகவே சொல்.

இப்படிக்கு,
தீர்ப்புக்குக் காத்திருக்கும் மாமன்,
ஏசடியான்


கோத்தகிரி,
19.3.1977

மாமாவுக்குத் தோத்திரம்.

நாங்கள் எல்லாரும் சுகம். சின்னவளுக்குக் கொஞ்சம் சளி. நான் எழுதாததற்கு மை காரணமில்லை.

விண்ணப்பம் போகவில்லை என்பது எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். பதுளை ஸ்டேஷனில் கோச்சி புறப்படும் முன் அம்மா சொன்னாள்.

"ஒங்க மாமா தபால்ல போடலடி. தவண முடிஞ்சு ரெண்டு மாசங் கழிச்சு, பெட்டிய வெயில்ல காயவைக்கிறப்ப அடியில கெடந்துச்சு."

"படிக்கத் தெரியாதே, எப்படிக் கண்டீங்க?"

"எழுத்துத்தான் தெரியாது. எங் கைநாட்டு எனக்குத் தெரியாதா? புல்லு வெட்டுறப்ப பட்ட தழும்பு குறுக்கால ஓடுதே."

"அவரக் கேட்டீங்களா?"

"கேட்டா அவன் தாங்கமாட்டான். அன்னிக்கே மன்னிச்சாச்சு. அவனா வாயத் தொறந்தா சொல்லு."

நான் அம்மா இல்லை. கப்பல் இறங்கி மண்டபம் முகாம் வரும்வரை உங்களைத் திட்டினேன். சாவுத் தந்தி வந்தபோது மறுபடியும் திட்டினேன். தை மாசத்திலிருந்து பேனாவை எடுத்தால் திட்டுத்தான் வந்தது. அதனால் கீழே வைத்துவிட்டேன்.

தண்டனை கேட்கிறீர்கள். தரமாட்டேன். தந்தால் அதை முடித்துவிட்டு, ஈடு கட்டியாச்சு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவீர்கள். மன்னிப்பைத் தருகிறேன். கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் அது உங்கள் சிறுத்தைக் கதை போலாகிவிடும். ஆனாலும் தந்தது தந்ததுதான். நீங்கள் வெள்ளையடித்ததற்காக இல்லை. கர்த்தர் எனக்குத் தந்ததும் வேலை வாங்கிக்கொண்டு தந்ததில்லை.

உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயில் உபதேசியாரிடம் போய்த் திருவிருந்துக்குப் பேர் கொடுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன், தண்டனையாக இல்லை. அந்த விண்ணப்பத்தை எனக்கு அனுப்புங்கள். அம்மாவின் போட்டோ ஒன்றுகூட என்னிடம் கிடையாது. அதில் அவள் விரலாவது இருக்கிறது.

தெபொராள்


ஹாலிஎல,
11.4.1977

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தை, தோட்டத்துத் தபால் வந்து சேரும் இத்ரூஸ் நானாவின் கடையில் நின்றே மூன்று தரம் படித்தேன். "என்ன ஏசடியான், கண்ணுல?" என்றார். பக்கத்தில் மிளகாய் மூட்டை இருந்ததால் தப்பித்தேன்.

ஆறு வருஷம் அக்கா தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். சிறுத்தைக் கதையை மறுபடி மறுபடி சொல்லச்சொல்லிக் கேட்டிருக்கிறாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பம் இத்துடன் வருகிறது. கைநாட்டின் மேல் மடிப்பு விழாமல் மடித்திருக்கிறேன்.

இனி, நேற்று நடந்த உயிர்த்தெழுந்த பண்டிகையின் சரித்திரம். நான் பேர் கொடுத்ததும் உபதேசியார் மயங்கி விழுந்துவிட்டார். இஞ்சிக் கோப்பி ஏழு கோப்பை ஊற்றி எழுப்பினோம். என்னைத் தரிசிக்க நாற்பத்தொரு பேராயர்கள் பதுளைக் கோச்சியில் வந்திறங்கினார்கள். நமுனுகுல மலை குனிந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. தேயிலைச் செடிகள் எழுந்து நின்று ஞானப்பாட்டுப் பாடின. இரண்டு செடிகள் மட்டும் சுருதி தப்பின. நான் ராஜநடை நடந்து முன்னால் போய்ச் சக்கரவர்த்தியைப் போல முழங்காலிட்டேன்.

எல்லாம் புளுகு. உபதேசியார் "சரி" என்று மட்டும் சொன்னார். வந்தது பதினேழு பேர். மலை மேகத்துக்குள் இருந்தது. நான் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு, திரும்பிப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன்.

கையை நீட்டினேன். போதகர் ஒன்றும் கேட்காமல் அதில் அப்பத்தை வைத்தார். அது மட்டும் உண்மை.

உன் மாமன்,
ஏசடியான்