வெள்ளச்சியும் பூரணியும்

அன்புள்ள அக்கா,

படத்தில் மட்டுமே பார்த்த உங்களை அக்கா என்று கூப்பிடலாமா, தெரியவில்லை. நீங்கள் போன மறுவருடம் உங்கள் வீட்டுக்காரருக்கு இரண்டாவதாக வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். உங்கள் வீட்டுக்காரர் என்றுதான் இன்னமும் வாயில் வருகிறது. இப்போது எழுதப்போவதை அவரிடம் சொன்னால், முயலுக்கா இத்தனை அழுகை என்பார். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

சிங்காநல்லூர் லைன் வீட்டுக்கு நான் வந்தபோது ஒரு பெட்டியும் என் முயல் பூரணியும்தான் கூட வந்தன. "சீர் வரும்னு பாத்தா மொசலு வருதுங்க" என்று பக்கத்து வீட்டு சரசக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். நீங்கள் வளர்த்த வெள்ளச்சி இங்கே இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

இரண்டும் பெட்டை. பார்த்ததுமே பாய்ந்துகொண்டன. வாசலெல்லாம் முடி. "ஒரு ஊட்ல ரெண்டு பொட்டை ஆகுமுங்களா?" என்றார் சரசக்கா. அவர் முயலைப் பற்றி மட்டும்தான் கேட்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

என்னென்னவோ செய்து பார்த்தேன் அக்கா. கூண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வாசம் பழகட்டும் என்று இது படுத்த சாக்கை அதற்கும், அது படுத்ததை இதற்கும் மாற்றிப் போட்டேன். கம்பியின் இரண்டு பக்கமும் ஒரே கொத்துமல்லிக் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தழையைத் தின்று முடித்ததும் மறுபடி உறுமின. ஒருநாள் கூண்டுக் கதவு சரியாகச் சாத்தாமல் போய், பூரணி வெள்ளச்சியின் காதைக் கிழித்துவிட்டது.

உங்கள் மகள் நித்யா அழவில்லை. மஞ்சளைக் குழைத்து அந்தக் காதில் தடவிவிட்டாள். அன்று சாப்பிடும்போது அவர், "பூரணிய யாருக்காச்சும் குடுத்துபோடு" என்றார். நான் சரி என்றேன். சரசக்காவின் தங்கை வீட்டில் கேட்டும் வைத்தேன். மறுநாள் நித்யா அவள் மாமாவோடு பல்லடம் போய்விட்டாள்.

லீவுக்குப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். லீவு முடிகிற நேரத்தில் உங்கள் அண்ணன் தெருமுனைக் கடைக்குப் போன் செய்தார். "வரமாட்டேங்கறாளுங்க அம்மணி. ரெண்டு மொசலும் ஒண்ணா இருந்தாத்தான் வாரேங்கறா. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வரலீன்னா இங்கயே சேத்துபோடலாம்னு இருக்கறனுங்க."

போனை வைத்த பிறகு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் நான் யார்? உங்கள் பிள்ளையைத் துரத்திவிட்டவள் என்று ஊர் சொல்லும். ஊரை விடுங்கள், நானே அப்படித்தான் நினைப்பேன். சோற்றில் கை வைத்தால் அலமாரியில் அவள் தட்டு கண்ணில் படுகிறது. என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

நேற்று, வேறு வழி தெரியாமல், இரண்டையும் ஒரே மூடிக்கூடையில் போட்டுக்கொண்டு திருச்சி ரோட்டில் பஸ் ஏறினேன். பைத்தியக்காரத்தனம்தான். ஒன்றை ஒன்று கொன்றுவிட்டால்? சூலூர் வரைக்கும் கூடைக்குள் விட்ட கையை நான் எடுக்கவே இல்லை. ஆனால் பஸ்ஸின் குலுக்கலுக்கும் ஹாரனுக்கும் பயந்து இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. பூரணி தன் முகத்தை வெள்ளச்சியின் வயிற்றுக்கடியில் செருகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏனுங்க, ஒடம்பு சரியில்லீங்களா?" என்று கண்டக்டர் கேட்டார்.

பல்லடத்தில் உங்கள் அண்ணன் வாசலில் இருந்த நாய்களைப் பிடித்துக் கட்டினார். நித்யா வாசலுக்கு வந்தாள். "பாரு கண்ணு, ரெண்டும் சேந்துபோச்சு" என்று கூடையைத் திறந்து இறக்கிவிட்டேன். மண்ணில் கால் பட்டதுதான் தாமதம், பூரணி வெள்ளச்சியைத் துரத்த ஆரம்பித்துவிட்டது. நடுவில் கையை விட்டேன், கடி எனக்கு விழுந்தது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

உங்கள் அண்ணன் பூரணியைப் பிடித்துக் கூடையில் போட்டார். நித்யா வெள்ளச்சியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனி பூரணியைக் குடுத்துருவீங்களா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் சொன்னதும் நான் சரி என்றதும் அவள் காதில் விழுந்திருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் இந்த வீட்டில் யாரையும் வெளியே கொடுத்துவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாள். முயலை நினைத்தா பயந்தாள், அக்கா?

"யாரையும் குடுக்க மாட்டேன் கண்ணு. அடிச்சுக்கட்டும், கடிச்சுக்கட்டும். ரெண்டும் நம்மூட்லதான் கெடக்கோணும்" என்றேன்.

"நானும் சண்டை போடுவேன்."

"போடு சாமி."

வெள்ளச்சியை என் மடியில் வைத்தாள். பிறகு உள்ளே போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

இன்று காலை சட்னி நன்றாகவே இல்லை என்று தட்டைத் தள்ளிவிட்டாள். கூண்டுகள் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. எனக்குப் பயம் விடவில்லை அக்கா. நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்?

முயல்களைச் சேர்த்துவைப்பேன் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவாளா என்பதும் தெரியாது. ஆனால் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், நம் வீட்டிலிருந்து யாரையும் நான் வெளியே அனுப்ப மாட்டேன். இது சத்தியம்.

உங்களுக்குப் பின்னால் வந்த தங்கை,
சாந்தாமணி