கம்பாலா வீட்டைக் காத்த அக்காவுக்கு

என் ஆசை அக்கா பாக்கியத்துக்கு,

அன்றைக்கு இந்த வெளிநாட்டில், எங்கள் லிட்கம் வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் மாற்றிக் கதைக்கக் கூடாது. நான், மகள் வசந்தி, மருமகன் குணம், கம்பாலாவில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த தங்கராசா மாஸ்டர், அவர் மனைவி செல்லம். அவ்வளவு பேர்தான்.

சித்திரை வருடப் பிறப்பு. எங்களை ஆளுக்கொரு பெட்டியோடு நாட்டை விட்டுத் துரத்தினவன் ஓடிவிட்டான், தன்சானியா ஆமி கம்பாலாவுக்குள் போய்விட்டது என்று ரேடியோ சொல்லி மூன்று நாள். இரண்டுக்கும் சேர்த்தே நான் பொங்கினேன். பால் கிழக்குப் பக்கம் சரிந்தது. நல்ல சகுனம் என்று கத்தினேன், அக்கா.

"துலைஞ்சான்! இனிப் போய் என்ரை வீட்டுத் திறப்பைக் கேப்பன்" என்றார் மாஸ்டர், பூட்டில் சாவி திருப்புவதுபோல் கையைத் திருப்பி.

"குண்டு போட்டுத்தானே கலைச்சவங்கள்? அதுக்குக் கீழ சனம் இல்லையோ? நாங்கள் பிளேன் ஏறி வந்திட்டம். அதுகள் எங்க போறது?" என்றாள் செல்லம்.

"அப்ப அவன் இருக்கட்டும் எண்டுறியோ?"

"அதையும் நான் சொல்லேல்லை. பொங்கின புக்கையைச் சாப்பிடுங்கோ."

எனக்கு அந்தக் குழப்பம் இல்லை. எனக்கு என் வீடு வேண்டும்.

உன் புருசன் அந்த நாட்டுப் பிரஜையானதால் நீ இருந்தாய், நான் போனேன். வாசல் படலையில் நின்று, "நீ போட்டு வா, வீட்டை நான் பாக்கிறன்" என்றாய். திறப்பைத் தந்தேன். பிறகு ஏழு வருடமும் கடிதத்துக்குக் கடிதம், உன் பலா காய்க்குது, உன் கதிரைக்குப் புதுப் பிரம்பு பின்னினேன் என்று எழுதினாய். வசந்தி அதை ஆசையாக உரக்க வாசிக்க வாசிக்க எனக்கு வயிறு எரியும். என் பலாவை நீ சாப்பிடுகிறாய், என் கதிரையில் நீ இருக்கிறாய். சின்னதில் அம்மா பெரிய மீன் துண்டை உனக்குத்தானே போட்டவள்?

அத்தான் செத்த பிறகு வந்த கடிதத்தில் பலா இல்லை. "பயமாக் கிடக்கு. என்னையும் அங்கை கூப்பிடு" என்று மட்டும் இருந்தது. குணம் அடுத்த கிழமையே உன்னைக் கூப்பிடுகிற விசாப் படிவம் கொண்டுவந்து நிரப்பினான்.

"மாமி, ஒரு கையெழுத்துத்தான்."

"பொறு தம்பி, ஆறுதலாப் பாப்பம்."

அரிசித் தகரத்துக்குக் கீழே வைத்தேன். நீ வந்தால் வீட்டை யார் பார்ப்பது? இன்னொன்றும் சொல்கிறேன். வசந்திக்கு எதற்கெடுத்தாலும் பெரியம்மாதான். பெரியம்மா வைத்த குழம்பு, பெரியம்மா பின்னின தலை. நீ இங்கே வந்தால் எனக்கு என்ன மிச்சம்? சண்டை தொடங்கினபோதும் நான் அந்தத் தாளை எடுக்கவில்லை. இரண்டு பக்கமும் அடிபடட்டும், அவன் ஓடட்டும், நான் போய்த் திறப்பை வாங்குகிறேன் என்று இருந்தேன்.

எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு குணம் தந்தியை எடுத்தான். நைரோபியில் இருந்து வந்தது. இரண்டு நாளாக அவன் சட்டைப்பையில் கிடந்திருக்கிறது. கம்பாலா விழுவதற்கு முந்தின கிழமை ஷெல் விழுந்ததாம். என் குசினியில். நீ சமைத்துக்கொண்டு நின்றாயாம்.

"வருசப் பிறப்பு மாமி. சாப்பிடட்டும் எண்டுதான்..."

கூடப்பிறந்தவளின் செத்த துடக்கோடு, தீட்டென்று தெரியாமல், சாமிக்குப் பொங்கிப் படைத்திருக்கிறேன், அக்கா. அன்றிலிருந்து அவனோடு கதைக்கவில்லை. வசந்தி விழுந்து விழுந்து அழுதாள். நான் செத்தால் இப்படி அழுவாளா என்று அப்போதும் பார்த்தேன். இப்படியும் ஒரு மனமா?

இன்றைக்கு உன் முப்பத்தோராம் நாள். தகரத்தைத் தூக்கித் தாளை எடுத்தேன். இங்கிலீசில் எழுத்துக் கூட்டிக் கூட்டிக் கையெழுத்துப் போட்டேன். இனி எந்த விசாக் கந்தோருக்கு அதை அனுப்புவது?

ஒரு வாக்குத் தருகிறேன். அந்த வீடு திரும்பக் கிடைத்தாலும் அதில் நான் ஒரு நாளும் படுக்க மாட்டேன். பலா உன்னுடையது. கதிரையும் உன்னுடையது.

துரத்தினவனை முருகன் பார்த்துக்கொள்ளட்டும். குணத்தோடு நாளைக்குக் கதைப்பேன். நான் மன்னிக்க மாட்டாத ஆள் ஒருத்திதான். உன் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், அவள் பெயரையும் அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்:

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
நாகம்மா