மஞ்சள் தெரியாத கண்கள்

என் பார்வதியக்காவுக்கு,

நீ போன பிறகு உன் நாற்காலியில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். குடிநீர் நிலையத்துக்கு நான் பொறுப்பாளர் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வரவில்லை. யாரைப் பார்த்தாலும் சந்தேகம்தான் வந்தது.

போன ஐப்பசியில் தாமிரபரணி செம்மண் நிறத்தில் வந்தது. அன்று மதியம் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார்கள். "தண்ணியில மருந்து வாடையே இல்லியே, கவனிக்கியளா இல்லியா?"

போய்ப் பார்த்தேன். காலையிலிருந்தே குளோரின் கருவி நின்றுபோயிருந்தது. உடனே தண்ணீரை நிறுத்திக் கருவியைச் சரிசெய்தோம். ஆனால் பதிவேட்டில் காலை பத்து மணிக்கு, எல்லா நாளும் எழுதும் அதே அளவு எழுதியிருந்தது. கீழே இசக்கியின் கையெழுத்து.

இசக்கியை உனக்குத் தெரியாது. நீ போன பிறகு வந்தவர். வேலைக்குப் பிந்தி வருவார், எப்போதும் கையில் போன். அவர்மேல் முதல்நாளிலிருந்தே எனக்கு ஒரு கண். அன்று ஐந்து பேர் முன்னால் வைத்துக் கேட்டேன்.

"சோதிக்காமலேதான எழுதியிருக்கிய?"

"கையெழுத்து என்னதுதான் மேடம். வேற ஒண்ணும் சொல்லதுக்கில்ல."

அந்த அமைதி திமிர் என்று நினைத்தேன். வாய்க்கு வந்தபடி ஏசினேன். இத்தனை பேர் குடிக்கிற தண்ணீர் அல்லவா, அக்கா?

மறுநாள் இசக்கிக்கு எதிராகப் புகார் எழுத எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நம் ஆறுமுகம் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். உனக்குப் பிடித்த, நிலையத்திலேயே மூத்த ஆறுமுகம் அண்ணாச்சிதான். தண்ணீர் நிரப்பிய கண்ணாடிச் சோதனைக் குழாயை அவர் கையில் கொடுத்து, சொட்டு மருந்தை எடுக்கத் திரும்பினேன். குளோரின் இருந்தாலும் அந்த மருந்தை விட்டால்தான் தண்ணீர் மஞ்சளாகும், அதை அட்டையோடு ஒப்பிட்டு அளவு சொல்ல வேண்டும்.

அவர் அதற்குள் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எப்பவும் போலத்தாம்மா இருக்கு" என்றார்.

நான் இன்னும் மருந்தே விடவில்லை, அக்கா.

திறக்காத மருந்துப் புட்டியை அவர் முன் நீட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "இசக்கிய ஏசாதீயம்மா. நேத்து சோதிச்சது நான்தான், நான் சொன்னதத்தான் அவன் எழுதுனான். ரெண்டு வருசமா மஞ்ச நெறமே எனக்குத் தெரியமாட்டேங்கு."

இசக்கியிடம் போய், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அண்ணாச்சிக்கு இன்னும் ஒரு வருசம் சர்வீஸ் இருக்கு மேடம். சொன்னா வேல போயிரும்னு பயந்தேன். நீங்க என்னயச் சந்தேகப்படுதது எனக்குப் பழகிப்போச்சு."

எந்த ஐந்து பேர் முன்னால் ஏசினேனோ, அவர்கள் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் நடந்ததை மறைக்கவில்லை. மேலிடத்துக்கு எழுதினேன். பதிவேட்டைச் சரிபார்க்காத எனக்கும் சேர்த்து மூன்று பேருக்கும் எச்சரிக்கை வந்தது. அண்ணாச்சியைக் கண்ணாஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். கண்புரை. ஒரு கண்ணில் அறுவை முடிந்துவிட்டது. இப்போது மோட்டார் பக்கம் இருக்கிறார். சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுகிறார்.

இசக்கி இப்போது நேரத்துக்கு வருகிறார். "சரி மேடம்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அது எப்போது சரியாகும்? தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் உன் காலத்துப் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். உன் கடைசி மாதங்களில் அண்ணாச்சி சோதிக்கும் முறை வந்த நாட்களிலெல்லாம் அதே அளவு. எழுத்து உன்னுடையது. உனக்குத் தெரியுமா, அக்கா? தெரிந்துதான் எழுதினாயா? இல்லை, என்னைப் போல நீயும் அவரைச் சந்தேகிக்கவே தோன்றாமல் இருந்தாயா?

இதை ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டு திரியமாட்டேன். இனி யார்மேல் சந்தேகம் வந்தாலும், கதவைச் சாத்தி, முதலில் அவரிடமே கேட்பேன். இது சத்தியம். மாலை போட்ட உன் படத்திலிருந்து பதில் வராது என்று தெரிந்தும், உன்னிடமும் அதனால்தான் கேட்கிறேன்.

உன் மகளுக்குச் சித்தி,
மங்கை