மார்கழி இருபத்திரண்டாம் தேதி நீ சொன்னது

ஆரணி
தை 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹேமலதாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் இங்கே சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டுதான் இருக்கிறேன், காதைத் தவிர உடம்பில் வேறு குறை ஒன்றும் இல்லை. அங்கே டப்ளினில் நீயும் மாப்பிள்ளை கிரணும் நலமா என்று வழக்கம்போல் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. அதற்கு நீ ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டாய் என்று நினைக்கிறேன். மார்கழி இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை, இங்கே காலை பத்தரை, அங்கே விடியாத ஐந்து மணி, நீ போனில் பதினோரு நிமிஷம் பேசினாய். அதில் ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை ஹேமா. விழுந்த மாதிரி நடித்தேன். அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் அப்புறம்தான்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது, நீ கூப்பிடவில்லை. பொங்கலுக்கும் கூப்பிடவில்லை. நான் அனுப்பிய பொங்கல் வாழ்த்தைப் படித்துவிட்டாய் என்று நீல டிக் காட்டுகிறது, பதில் இல்லை. வாட்ஸ்அப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன். துண்டு துண்டாகச் சொல்கிற விஷயம் இல்லை இது. மாப்பிள்ளைக்குப் போட்டுக் கேட்கலாமா என்று பார்த்தேன், உங்கள் இருவருக்கும் நடுவில் ஏதாவது என்றால் தெரியாமல் நான் போய்க் கலைத்ததாக ஆகிவிடும். அதனால் தாளில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் நானே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவேன், தாளும் ஸ்பீட் போஸ்டில் வரும். இரண்டில் எது முதலில் வந்தாலும் முழுக்கப் படி, பாதியில் கோபித்துக்கொண்டு வைத்துவிடாதே.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்தாலும் பரவாயில்லை. முப்பத்து நாலு வருஷம் விசைத்தறி ஷெட்டில் மேஸ்திரியாக இருந்துவிட்டுப் புரட்டாசியில்தான் வீட்டுக்கு வந்தேன். ஷெட்டில் தறி ஓடும்போது யாருக்கும் யார் பேச்சும் கேட்காது, கையைக் காட்டி, உதட்டைப் பார்த்துத்தான் வேலை. அந்தப் பழக்கத்தில் எதிரில் நிற்கிறவர் உதட்டைப் பார்த்தே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன், அது காது இல்லை கண் என்று எனக்கே தெரியாமல். ஞாயிறு தோறும் உன்னோடு வீடியோவில் பேசியதும் அப்படித்தான். உன் அம்மா இருந்தவரை சாதாரண போன் வந்தால் அவள் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவேன், அவள் போன இந்த மூன்று வருஷத்தில்தான் ஒத்தை ஆளாகப் போனைக் காதில் வைக்க வேண்டி வந்தது. அப்போதும் யார் பேசினாலும் சாப்பிட்டியா, மழை உண்டா, அங்கே எல்லாரும் சௌக்கியமா, இதைத் தாண்டி என்ன கேட்டுவிடப் போகிறார்கள் என்று ஒரு குத்துமதிப்பில் ஆமாம் போட்டே ஓட்டினேன்.

அப்புறம் மார்கழி வந்தது. அந்த மாதத்தைப் போல ஒரு மாதம் என் வாழ்க்கையில் இருந்ததே இல்லை, பொய் சொல்லவில்லை. அலாரம் இல்லாமல் எழுந்தேன். தேங்காய் மட்டை போட்டு வெந்நீர் காய வைத்து, அடுப்பு முன்னாலேயே குந்தி உட்கார்ந்து குளிர் காய்ந்துவிட்டுக் குளித்தேன். பனி விலகியதும் மொட்டை மாடியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பச்சை மொச்சை உரிப்பேன், பேப்பரை இன்ஜினீயரிங் காலேஜ் விளம்பரம் வரைக்கும் விடாமல் படிப்பேன். கோயிலில் தொன்னையில் வெண்பொங்கல் கொடுப்பார்கள், அந்த நெய் வாசனையோடு வீட்டுக்கு நடந்து வருவேன். கண்ணமங்கலத்திலிருந்து விற்க வருகிற ஒரு அம்மாளிடம் பனங்கிழங்கு வாங்கி வேகவைத்து நாரை உரித்து உரித்துத் தின்பேன், ஒரு கிழங்குக்கு அரை மணி ஆகும், யார் கேட்பது. இதெல்லாவற்றையும்விடப் பெரிய சுகம் எது என்றால் அமைதி. தெருவே அவ்வளவு அமைதியாக இருந்தது. வண்டிகூட மெத்தைமேல் போகிற மாதிரிப் போனது. ரிட்டயர்டு ஆனவனுக்குக் கடவுள் கொடுத்த போனஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ரங்கசாமியின் ஷெட்டில் ஆறு தறி இருக்கிறது அல்லவா, அந்தச் சத்தமே இல்லை. தை முகூர்த்தத்துக்கு ராப்பகலாக ஓட வேண்டிய நேரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறாரே, பாவம் ஆர்டர் இல்லை போலிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டால் மனிதர் சங்கடப்படுவார் என்று கேட்கவில்லை, அவரைப் பார்க்கும்போதெல்லாம் துக்க வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரித் தணிவாகப் பேசினேன். இன்னும் கேள். கோயிலில் விடியற்காலை ஸ்பீக்கர் போடுவார்கள், ஊரே எழுந்து உட்காரும், இந்த வருஷம் எங்கேயோ தூரத்தில் யாரோ முனகுகிற மாதிரிதான் இருந்தது. கோயில் கமிட்டி பலராமனைப் போய்ப் பார்த்து, இந்த வருஷமாவது புத்தி வந்து சத்தத்தைக் குறைத்தீர்களே, ரொம்ப நன்றி என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவர் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். புதிதாக இரண்டு குழாய் ஸ்பீக்கர் வாங்கி என் வீட்டுப் பக்கமாகவே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் அவரைக் கேலி செய்கிறேன் என்று நினைத்து, இப்போது எதிரில் வந்தால் ஒதுங்கிப் போகிறார்.

இந்த மயக்கத்தில் இருந்தபோதுதான் உன் போன் வந்தது. வழக்கமான நாளும் இல்லை, நேரமும் இல்லை, வீடியோவும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை, சாதாரணக் கால். ஏதோ விஷயம் என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். நெட்டு கிடைக்கவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். காதில் வைத்தால் ஒரு கொசு பறக்கிற மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான். சரியாகக் கேட்கவில்லை அம்மா, அப்புறம் கூப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அப்பாவுக்குக் காது போய்விட்டது என்று கவலைப்படுவாய், டாக்டர், மெஷின் என்று ஆரம்பிப்பாய், என் மார்கழி கெட்டுப்போகும். அந்தக் கொஞ்ச சுகத்துக்காகத்தான் ஹேமா வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பேசினேன். நீ நிறுத்தின இடத்திலெல்லாம் நல்லது நல்லது என்றேன். சிரித்தேன். மொச்சைக் குழம்பு வைத்த கதையைச் சொன்னேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கட் ஆனது, சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று வைத்துவிட்டு மாடிக்கு வெயிலுக்குப் போய்விட்டேன்.

போகி அன்றைக்குக் கரும்பு கொடுக்கலாம் என்று ரங்கசாமி ஷெட்டுக் கதவைத் திறந்தேன். ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தது. நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறக்கிறது, சத்தம் இல்லை. ஒரு தறியின் மேல் உள்ளங்கையை வைத்தேன், தோள் வரைக்கும் அதிர்ந்தது. முப்பத்து நாலு வருஷம் கேட்ட சத்தம் கைக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. கரும்பைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ரங்கசாமி ஓடிவந்து குனிந்து, "சம்பந்தம், இன்னா ஆச்சு, மயக்கமாவா கீது, தண்ணி எடுத்தாரட்டா" என்று கேட்டது உதட்டில் தெரிந்தது. அந்த நிமிஷம் எனக்கு அவரும் தெரியவில்லை, தறியும் தெரியவில்லை, உன் போன்தான் நினைவுக்கு வந்தது.

பொங்கல் முடிந்து அவரே என்னை வேலூருக்குக் கூட்டிப்போனார். கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் பரிசோதித்தார்கள். வலது காது சுத்தமாக இல்லை, இடதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தறிச் சத்தத்தில் நரம்பு வருஷக்கணக்காகச் செத்துக்கொண்டே வந்திருக்கிறது. மெஷின் வைத்தால் சத்தம் கேட்கும், பேச்சு புரியுமா என்பது வைத்துப் பழகினால்தான் தெரியும் என்றார் டாக்டர். காதுக்கு அச்சு எடுத்திருக்கிறார்கள், மெஷின் வர மூன்று வாரம் ஆகுமாம். ஆண்கள் பேசுவது கொஞ்சம் கேட்கிறதே என்று கேட்டதற்கு, மெல்லிய குரல்தான் முதலில் போகும், பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். எழுதிக்காட்ட வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா அந்த மனிதருக்கு.

இதற்குள் இன்னொன்று இருக்கிறது. பேங்க் என்று சொல்லி ஏமாற்றுகிறவர்கள் கூப்பிடுவார்கள் என்று, வருகிற கால் எல்லாம் தானாகப் பதிவாகும்படி போன வருஷம் நீதான் என் போனில் வைத்துக்கொடுத்தாய். அன்றைக்கு நீ பேசியது முழுக்க அதில் இருக்கிறது. பதினோரு நிமிஷம். முழுச் சத்தம் வைத்து இடது காதில் அழுத்திக்கொண்டு இருபது முறையாவது கேட்டிருப்பேன். நான் கத்திப் பேசியதால் என் குரல் மட்டும் கொஞ்சம் கேட்கிறது. "நல்லது, நல்லது. ரொம்ப சந்தோஷம்மா. நீ எது செஞ்சாலும் நல்லபடியா நடக்கும், அப்பா ஆசீர்வாதம் எப்பவும் உண்டு. இங்க ஜில்லுனு கீது, மொச்ச உரிச்சிகினு ஜாலியா கீறேன்." நடுநடுவே நீ இருக்கிறாய், ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய். அந்தக் கிழவன் யார், எதற்கு அப்படிச் சிரிக்கிறான் என்று எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ரங்கசாமி மருமகள் அமலா எனக்கு தினம் குழம்பு கொண்டுவந்து கொடுக்கிறவள், நல்ல பெண். நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "குடுங்க மாமா, நான் கேட்டு எழுதித் தரேன்" என்றாள். கொடுக்கவில்லை. நீ என்னிடம் சொன்னது, வேறு ஒருத்தி கேட்கலாமா என்று நியாயம் பேசினேன். அது பாதி உண்மை. மீதி பயம். தெரியாத வரைக்கும் அது ஒன்றுமில்லாத விஷயமாகவும் இருக்கலாம் அல்லவா. நேற்று மத்தியானம் தாங்க முடியவில்லை. அவளைக் கூப்பிட்டு, என்ன சொன்னாள் என்று நீ எனக்குச் சொல்ல வேண்டாம், என் பெண் அழுதாளா இல்லையா, அதை மட்டும் சொல் என்றேன். அவள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பதினோரு நிமிஷமும் கேட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் என் தோளைத் தொட்டாள். திரும்பினேன். ஆமாம் என்று தலையை ஆட்டினாள். குழம்புப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

என்ன என்று தெரியாததால் தோன்றுகிற எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன், எது உன்னுடையதோ அதை எடுத்துக்கொள். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒத்துவரவில்லை என்றால் இந்த வீட்டில் உன் அறை அப்படியே இருக்கிறது, யார் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்வேன், அதற்குக் காது தேவையில்லை. தீபாவளிக்குப் பேசும்போது நாள் தள்ளிப் போயிருக்கிறது, இன்னும் யாருக்கும் சொல்லாதே என்றாயே, அதில் ஏதாவது என்றால், ஐயோ ஹேமா, அதற்குமா நான் சந்தோஷம் என்றேன். உடம்பு எப்படி இருக்கிறது, யாராவது கூட இருக்கிறார்களா, ரசம் வைத்துக்கொடுக்க ஆள் உண்டா. வேலை போய்விட்டது என்றால் போகட்டும், அது ஒரு விஷயமே இல்லை. இல்லை, அப்பா நான் சொல்வதை நீ என்றைக்குமே காதில் வாங்குவதில்லை, இனி உன்னைக் கூப்பிட மாட்டேன் என்றுதான் சொன்னாயா. அப்படி இருந்தால் அதற்கும் சிரித்துக்கொண்டே நல்லது என்று சொல்லியிருக்கிறேன்.

பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதி அனுப்பு. எழுத மனசு வரவில்லை என்றால் வீடியோவில் கூப்பிடு, பேச வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும், நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். இனிமேல் சாதாரணக் கால் போடாதே, எடுக்க மாட்டேன், எடுத்தால் பழைய பழக்கத்தில் மறுபடியும் ஆமாம் போட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒரு வேளையாவது சுடச்சுடச் சாப்பிடு.

கடிதத்தை முடிக்கும்போது ஆசீர்வாதம் எழுத வேண்டும். இந்த ஒரு தடவை எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே. எதற்கென்று தெரியாமல் ஒரு முறை கொடுத்துவிட்டேன். நீ என்ன சொன்னாய் என்று எனக்குச் சொல், அதற்கு என்ன உண்டோ அதைத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா சம்பந்தம்