கெப்பாசிட்டரைக் கழற்றிய பிறகு

வெள்ளிக்கிழமை, ஆவூர்.

படுத்தும் தூக்கம் வரவில்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு அண்ணன் இன்றுதான் முதல் தடவை பாடினார். மைக்கில் வரும் சத்தத்தைப் பெருக்க நான் செய்த வால்வு ப்ரீஆம்ப் வழியாகப் பதிவு செய்தோம். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடித்தது.

"ஒன் மிசின்தாம்மா கரகரங்குது, என் கொரல் இல்ல" என்றார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசையில் பாடியே தீருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார்.

எனக்கும் ப்ரீஆம்ப் மேல்தான் சந்தேகம். முதல் வால்வு தேவைக்கு மேல் சத்தத்தைப் பெருக்கியது. சுவிட்சை அணைத்து, மீட்டரில் வோல்ட் இறங்கும்வரை காத்திருந்து, அந்த வால்வின் கேத்தோடு முனையில் ரெசிஸ்டருக்கு இணையாக வைத்திருந்த கெப்பாசிட்டரைக் கழற்றினேன். இனி அந்த வால்வுக்குள்ளேயே நெகட்டிவ் ஃபீட்பேக் வேலை செய்யும்; வால்வு தன் பெருக்கத்தைத் தானே அடக்கிக்கொள்ளும். சத்தம் குறையும், பிசிறும் குறையும்.

அண்ணன் மறுபடி பாடினார். ஹெட்போனில் அவர் மூச்சு இழுப்பதுகூடத் தெளிவாகக் கேட்டது. மேலே போனதும் குரல் உடைந்தது. இந்த முறை குற்றம் வால்வு மேல் இல்லை.

"சரியாயிருச்சா?" என்று கேட்டார். நான் வால்யூமைத் திருகிக்கொண்டிருந்தேன். அவரே ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு பதிவை முழுவதும் கேட்டார்.

"மிசின் நல்லாத்தான் இருக்கு" என்றார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "சுருதியக் கொறச்சுப் பாடுறேன். பதிவு பண்ணும்மா" என்றார்.

கடைசி வரியில் மட்டும் குரல் உடைந்தது. ஆனாலும் அவர் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.